நில உடைமை கடந்த கணினி மாதிரியாக்கம்: கேமரன் மலை

பலருக்குச் சொந்தமான நிலங்களை ஒரே பரப்பாக வைத்து, விலங்குகளின் வாழிடம், மரவெட்டு, தோட்ட விளைச்சல் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டு, எந்த நிலத்தை எதற்கு விடலாம் என்று ஒப்பிட்டுக் காட்டுவதே இம்முறை. இதன் தேவையை மலேசியாவின் பகாங் மாநிலத்திலுள்ள கேமரன் மலையில் தெளிவாகப் பார்க்கலாம். ஏறத்தாழ 712 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இம்மாவட்டத்தில் 1929இல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ நிறுவனத்தின் தேயிலைத் தோட்டங்கள், தற்காலிக உரிமத்தில் நடக்கும் காய்கறிப் பண்ணைகள், மாநில வனக் காப்பகங்கள், செமாய் பழங்குடி மக்களின் மரபு நிலங்கள் எல்லாம் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. இங்கே ஒவ்வொருவரும் தத்தம் எல்லைக்குள் ஒழுங்காக நடந்துகொண்டாலும் காடு துண்டாவது நிற்காது. எல்லைகளைக் கடந்து கணக்கிட்டால்தான் இழப்பு எங்கே நிகழ்கிறது என்பதே தெரியவரும்.

இதற்கு வலுவான சான்று அமெரிக்காவின் ஒரிகன் கடலோர மலைத்தொடரிலிருந்து கிடைக்கிறது. 1990களில் தொடங்கிய ஆய்வொன்றில் அங்குள்ள பல்கலைக்கழகமும் வனத்துறையும் சேர்ந்து, 20 லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட காட்டின் நூறாண்டுப் போக்கைக் கணினியில் ஓட்டிப் பார்த்தன. நடப்பிலிருந்த கொள்கைகள் தொடர்ந்தால் அரசு நிலத்தில் முதுகாடு பெருகும், நிறுவன நிலத்தில் இளமரங்களே நிற்கும், இடைப்பட்ட சில காட்டு வகைகள் குறையும் என்று தெரிந்தது. யாரும் விதியை மீறாமலேயே ஏற்படக்கூடிய குறைவு அது.

கேமரன் மலைக்கு இதைப் பொருத்த, நிலத்தை ஒரு ஹெக்டேர் கட்டங்களாகப் பிரித்து, விலங்கு ஒவ்வொரு கட்டத்தையும் கடப்பதில் உள்ள சிரமத்துக்கு மதிப்பெண் தரலாம். உதாரணமாக, காட்டுக்கு 1, தேயிலைக்கு 10, பிளாஸ்டிக் கூரைப் பண்ணைக்கு 80 என்று வைத்தால், இரு காடுகளுக்கிடையே மிகக் குறைந்த கூட்டுத்தொகை தரும் பாதையைக் கணினி தேடும். அது பெரும்பாலும் ஓடைக்கரையையும் கொழுந்து குறைவாகக் கிடைக்கும் செங்குத்துச் சரிவையும் பற்றிச் செல்லும். அங்கே மரம் வளர்த்தால் தோட்டத்துக்கு இழப்பு குறைவு, விலங்குக்கு ஆதாயம் அதிகம். தமிழ்நாட்டின் வால்பாறையிலும் தேயிலைக்கு நடுவே யானைகள் ஆற்றோரத் தாவரங்களையும் மழைக்காட்டுத் துண்டுகளையும் நாடுவதைக் கள ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆதாயம் விலங்குக்கு மட்டுமல்ல. மேட்டில் அரிக்கப்படும் மண், 1963இல் முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கர் அணையின் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில்தான் போய்ப் படிகிறது. அப்படி வண்டல் படிந்து கொள்ளளவு குறைந்திருந்த அணையிலிருந்து 2013 அக்டோபரில் திறந்த நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளமாகி உயிர்களைப் பறித்தது. காய்கறிப் பண்ணையின் வெற்று மண்ணைவிடப் பல்லாண்டுப் பயிரான தேயிலை மண்ணை நன்றாகப் பிடித்து வைக்கும் என்பதால், வாழிடக் கணக்கோடு மண்ணரிப்பையும் ஒரே மாதிரியில் சேர்ப்பது முறை.

எண்கள் வெறும் ஊகம்தானே என்பது முதல் ஆட்சேபம். அது நியாயமே. மதிப்பெண்ணை மாற்றி மாற்றி ஓட்டியும் நிலைத்து நிற்கும் பாதையை மட்டும் நம்பவேண்டும். தானியங்கிக் கேமராப் பதிவுகளோடு அதை ஒத்துப் பார்க்கவும் வேண்டும். வரைபடம் வலியவர் கையில் ஆயுதமாகி, உரிமப் பத்திரமில்லாத செமாய் மக்களின் நிலத்தையே முதலில் காடாக்கச் சொல்லும் என்பது இன்னும் கனமான ஆட்சேபம். மாதிரி எப்போதும் 'மலிவான' நிலத்தையே தேர்ந்தெடுக்கும். மரபு உரிமைக்கு மதிப்பு தராவிட்டால் அந்த நிலம் மலிவாகவே தோன்றும். ஆகவே செலவுப் பட்டியலை எழுதும் இடத்திலேயே அம்மக்கள் இருக்கவேண்டும். மாதிரியைக் கைவிட்டால் இந்த அநீதி போய்விடாது, கண்ணில் படாமல் நடக்கும்.

இதை நடைமுறைப்படுத்தும் அதிகாரமும் பிரிந்து கிடக்கிறது. மலேசிய அரசியலமைப்பில் நிலமும் வனமும் மாநிலத்தின் கையில். வனவிலங்குப் பாதுகாப்போ கூட்டரசும் மாநிலமும் பகிரும் அதிகாரம். காட்டைக் காக்கும் மாநிலங்களுக்குக் கூட்டரசு 2019 முதல் சூழலியல் நிதி ஒதுக்குகிறது. ஆனால் விலங்கு வழித்தடத்துக்காக ஓர் ஏக்கர் தேயிலையை விடும் தோட்டமும், காட்டை விட்டுவைக்கும் செமாய் கிராமமும் இழப்பைத் தாமே சுமந்தால், எவ்வளவு துல்லியமான வரைபடமும் நடைமுறைக்கு வராது. யாருடைய நிலம் எவ்வளவு பயன் தருகிறது என்று கட்டம் கட்டமாகச் சொல்லும் மாதிரி, யாருக்கு எவ்வளவு ஈடு தரவேண்டும் என்பதற்கும் அடிப்படையாகும்.