கோடாலிக்கருப்பூர்ச் சேலை

தஞ்சை மராத்திய அரச குடும்பத்துக்காகக் கோடாலிக்கருப்பூரில் நெய்து, மெழுகால் வரைந்து, சாயம் தோய்த்த பருத்திச் சேலை. ஊர் இன்றைய அரியலூர் மாவட்டம் உடையார்பாளையம் வட்டத்தில், கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிறது. ஆனால் இந்த ஊரின் கைத்தொழில் பார்த்தது தென்கரையைத்தான். வாங்கும் கை தஞ்சாவூரில் இருந்தது.

தமிழகத்தில் நெய்த சேலைகளும் உண்டு, எழுதிய துணிகளும் உண்டு. கருப்பூர்ச் சேலை இரண்டும் சேர்ந்தது. தறியில் மெல்லிய பருத்திப் பாவில் ஊடை ஓடும்போதே, பூவோ மாங்காயோ கட்டமோ வர வேண்டிய இடத்தில் மட்டும் சரிகையைக் கையால் கோத்துத் திருப்புவார்கள். வங்காளத்து ஜம்தானி நெசவும் இதே முறைதான். சாதாரணச் சேலை என்றால் தறியிலிருந்து அறுத்ததும் வேலை முடிந்துவிடும். இங்கே பாதி வேலை அப்போதுதான் தொடங்கும். துணி எழுதுபவரிடம் போகும். அவர் சரிகைப் பூவின் ஓரத்தை ஒட்டி, உருக்கிய தேன்மெழுகால் கோடு இழுப்பார். மெழுகு படிந்த இடத்தில் படிகாரம் ஏறாது. படிகாரம் ஏறாத இடத்தில் சிவப்பு நிற்காது. சாயம் முடிந்து மெழுகு நீங்கியதும் அந்தக் கோடுகள் வெண்மஞ்சளாகத் தெரியும். சுற்றியுள்ள பருத்தி அடர்சிவப்பாகவும் கருப்பாகவும் மாறியிருக்கும். சரிகை உலோகம் என்பதால் சாயத்தை வாங்காது. சிவப்புக்குள்ளிருந்து பொன் மங்கலாக ஒளிரும். இந்தச் சேலையின் அழகு அந்த மங்கலில்தான் இருக்கிறது. பளபளப்பைக் கூட்டுவதற்காகச் சரிகை போடும் வழக்கத்துக்கு நேர் எதிரான ரசனை இது. அரண்மனை அதை விரும்பிக் கேட்டிருக்கிறது என்பது கவனிக்க வேண்டியது.

நெய்பவரும் எழுதுபவரும் ஒரே உருவை மனத்தில் வைத்திருந்தால்தான் இது கூடிவரும். நெய்பவர் ஓர் இழை தள்ளிப் பூவை முடித்தால், எழுதுபவரின் கோடு பொன்னை விட்டு விலகும்.

சிவப்புக்கு மூலம் சாயவேர். சோழமண்டலக் கரையின் மணல் நிலங்களில் வளரும் சிறு செடி அது. வேரில் உள்ள அலிசரின் என்ற பொருள் படிகாரத்தோடு சேர்ந்தால் வெளுக்காத சிவப்பு தரும். கருப்புக்குத் துருப்பிடித்த இரும்பை வெல்ல நீரில் புளிக்கவைத்த காடி. இவற்றுக்கு முன் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் ஊறவைத்துக் காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். பாலின் கொழுப்பு, எழுதிய கோடு கசிந்து பரவாமல் தடுக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் அலசல் உண்டு. சாயத் தொழிலுக்கு ஓடும் நீர் எவ்வளவு வேண்டும் என்பது தெரிந்தவர்களுக்குக் கொள்ளிடத்தின் அருமை புரியும்.

துணியில் எழுதும் கலை இப்பகுதியில் மராத்தியருக்கு முன்பே இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தஞ்சை நாயக்கர் ஆதரவில், கோயில்களுக்கான எழுத்துத் துணிகள் இங்கே வளர்ந்தன. 1670களில் மராத்தியர் ஆட்சிக்கு வந்த பின் அந்தக் கைத்திறனைச் சரிகை நெசவோடு சேர்த்து உருவாக்கியதே கருப்பூர்ச் சேலை. அரச மகளிரின் உடையாகவும், ஆடவரின் தலைப்பாகை, மேலாடைத் துணிகளாகவும், பிற மராத்திய அரசவைகளுக்கு அனுப்பும் மரியாதைப் பொருளாகவும் அது இருந்தது. மராட்டியில் பேசிய, தெலுங்கிலும் தமிழிலும் இலக்கியம் போற்றிய ஓர் அரண்மனை, தன் அடையாளமாக ஒரு தமிழ்க் கிராமத்துத் துணியை எடுத்துக்கொண்டது. சரபோஜி (1798–1832) காலத்துத் தஞ்சையைச் சரசுவதி மகால் நூலகத்தைக் கொண்டு மட்டும் நினைப்பவர்கள் இந்தச் சேலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1855இல் தஞ்சை அரசர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கிழக்கிந்தியக் கும்பினி அரசு தஞ்சாவூரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. சேலைக்கு இருந்த ஒரே பெரிய வாங்குநர் போனார். அடுத்த அடி வேறு திசையிலிருந்து வந்தது. 1868இல் ஜெர்மன் வேதியியலார் அலிசரினைச் செயற்கையாக உருவாக்கினர். சில ஆண்டுகளில் சாயவேர் தோண்டுவதே கட்டுப்படியாகாத வேலையாயிற்று. சேலை நின்றது. எஞ்சியவை அருங்காட்சியகங்களுக்குப் போயின. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் அகமதாபாத் காலிகோ அருங்காட்சியகமும் அவற்றைப் பாதுகாக்கின்றன.

ஆனால் தறி நின்றபோது எழுதுகோல் நிற்கவில்லை. அரண்மனை போனாலும் கோயில் இருந்தது. தேரைச் சுற்றித் தொங்கும் தொம்பை, வாசலில் கட்டும் தோரணம், மேலே விரிக்கும் அஸ்மானகிரி, சுவாமி குடையின் உறை என ஆண்டுதோறும் திருவிழாவுக்கு எழுத்துத் துணி தேவைப்பட்டது. மூங்கில் குச்சியும் தென்னையிலிருந்து சீவிய குச்சியும் எழுதுகோலாக, இந்தக் கலை தஞ்சாவூர் மாவட்டத்துத் திருப்பனந்தாள், சிக்கல்நாயக்கன்பேட்டை பக்கத்தில் இன்றும் நடக்கிறது. 2021இல் இந்த எழுத்துத் துணிகள் ‘கருப்பூர் கலம்காரி ஓவியங்கள்’ என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்றன. கருப்பூரின் பெயரில் பதிவானது ஓவியம். சேலையை மீட்கக் கடந்த நூற்றாண்டில் கைத்தறி நிறுவனங்களும் வடிவமைப்பாளர்களும் முயன்றதுண்டு. பழைய உருக்களை அச்சில் கொண்டுவருவது எளிது. நெசவையும் எழுத்தையும் ஒரே துணியில் பொருத்துவதுதான் கடினம்.

அரியலூர் மாவட்டத்தில் தறிச் சத்தம் ஓய்ந்துவிடவில்லை. ஜெயங்கொண்டம், வாரியங்காவல், இலையூர் வட்டாரங்களில் பட்டுச்சேலை நெய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. சரிகையைக் கையால் கோத்துப் புட்டா போடுவது அவர்களுக்குப் புதிதல்ல. எழுதத் தெரிந்தவர்கள் கொள்ளிடத்துக்குத் தெற்கே இருக்கிறார்கள். ஆற்றைக் கடந்தால் சில மணி நேரத்துக்குள் எட்டும் தொலைவுதான். இரண்டு தொழிலாளிகளுக்கும் கூலி கொடுத்து, ஒரு சேலைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க முன்வரும் ஒருவர்தான் 1855க்குப் பிறகு நிலையாகக் கிடைக்கவில்லை.