கொடுத்த வீடு



முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் சரித்திரம் கற்பித்தவன் நான். பானிப்பட்டுப் போர்கள் நடந்த ஆண்டுகளையெல்லாம் மாணவர்களை மனப்பாடம் செய்ய வைத்தேன். பக்கத்து ஊரின் சரித்திரத்தை மட்டும் ஒரு நாளும் சொல்லிக் கொடுத்தேனில்லை. அக்குறை மனத்தை உறுத்தவே, ஓய்வுபெற்ற பின்னர், ஸ்ரீவில்லிபுத்தூர் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு இராசபாளையத்திலுள்ள காந்தி கலை மன்றத்திற்குச் சென்றேன்.

அம்மன்றத்திற்கு இடம் தந்தது பூ. ச. குமாரசுவாமி ராஜா அவர்களின் இல்லம். அவர் 1898-ஆம் ஆண்டு இவ்வூரில் பிறந்தவர். விடுதலைப் போரில் சிறை சென்றவர். 1949 ஏப்ரலில், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாருக்குப் பின், சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். ஆந்திர மாவட்டங்களும், மலபாரும், தென் கன்னடமும் அப்போது சென்னையோடு சேர்ந்திருந்தன. அந்நாளில் அப்பதவிக்குப் பிரதம மந்திரி என்று பெயர். 1950 ஜனவரி 26-இல் இந்தியா குடியரசாயிற்று. அதுமுதல் அப்பதவி முதலமைச்சர் பதவி எனப்பட்டது. ஆகவே, குடியரசில் நம் மாநிலத்தின் முதல் முதலமைச்சர் அவரே.

வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதற் பொதுத்தேர்தல் 1952-இல் நடைபெற்றது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் நின்ற முதலமைச்சர் தோல்வியுற்றார்!

இதைக் கேட்டதும் ஒரு மாணவன் முகம் வாடி, “ஐயா, நம் ஊரார் செய்தது தவறுதானே?” என்றான்.

“தவறன்று தம்பி. முதலமைச்சருக்கும் ஒரு வாக்கு. வண்டியோட்டிக்கும் ஒரு வாக்கு. அந்தச் சமத்துவத்திற்காகத்தான் இவர் சிறை சென்றார். மக்கள் தீர்ப்பின்படி பதவியை விட்டு இறங்கினார். பதவி மக்கள் தந்தது. அவர்கள் திரும்பப் பெறலாம். ஆனால் இவ்வீட்டை எந்தத் தேர்தலும் அவரிடமிருந்து வாங்கியிருக்க முடியாது. அதை அவரே மனமுவந்து பொதுவுக்கு அளித்தார்” என்றேன். பின்னர் 1954 முதல் 1956 வரை அவர் ஒரிசாவின் ஆளுநராக இருந்ததையும், 1957-இல் மறைந்ததையும் கூறினேன்.

மாலையில் அவர் பெயரால் வழங்கும் பூங்காவில் சற்று இளைப்பாறினோம். விளையாடிக்கொண்டிருந்த சிறுவனிடம், “இது யார் பெயர்?” என்று வினவினேன். “பூங்காவின் பெயர், தாத்தா” என்று சொல்லி ஓடிவிட்டான். அவன்மீது குற்றமில்லை. சொல்லித் தரவேண்டிய என் போன்றோர் சொல்லவில்லை.

மாணவர்களே, உங்கள் பள்ளிக்கூடம் நிற்கும் நிலத்தை யார் தந்தார்? ஊர்ப் படிப்பகத்தை யார் அமைத்தார்? இன்றே வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். நான் கற்பிக்கத் தவறிய சரித்திரம் அங்கிருந்து தொடங்கட்டும்.