ஒன்றா, பலவா? ஆங்கில ஒருமை பன்மையும் எங்கள் கடிதங்களும்

ஆங்கிலத்தில் ஒருமையையும் பன்மையையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் ஒரேயொரு எழுத்துத்தான்: எஸ். பாடசாலைப் பரீட்சையில் அதை விட்டால் ஒரு புள்ளி குறையும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய முறைப்பாட்டில் அதை விட்டால் கணக்கில் ஒரு பிள்ளையே குறைந்துவிடும்.

வன்னியில் மாலை வேளைகளில் பெரியவர்களுக்கு அடிப்படை ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். வருபவர்களில் பலர் தாய்மார். தூதரகங்களுக்கும் மனித உரிமை அமைப்புகளுக்கும் ஜெனீவாவுக்கும் தங்கள் பெயரில் போகும் கடிதங்களை யாரோ எழுதுகிறார்கள், இவர்கள் கையெழுத்து வைக்கிறார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தாங்களே வாசித்துப் பார்க்க வேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். அந்தத் தேவையை முன்வைத்தே இந்தப் பாடத்தை இங்கே தருகிறேன்.

தமிழும் ஆங்கிலமும் எங்கே பிரிகின்றன?

தமிழில் எண்ணைச் சொல்லிவிட்டால் பெயருக்குக் 'கள்' போட வேண்டிய கட்டாயம் இல்லை. 'மூன்று பிள்ளை', 'பத்துத் தேங்காய்', 'இரண்டு மாடு' என்று பேசுகிறோம். எண்ணே பன்மையைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் அப்படி விட முடியாது. இரண்டு என்ற எண் வந்தாலும் பெயரும் பன்மைக்கு மாறியே ஆக வேண்டும். 'ரூ சன்' என்பது பிழை, 'ரூ சன்ஸ்' என்பதே சரி. எங்கள் ஆட்கள் ஆங்கிலத்தில் விடும் பிழைகளில் பாதி, தமிழின் இந்தப் பழக்கத்தை அங்கேயும் கொண்டுபோவதால் வருவது. இது அறிவுக் குறைவு அல்ல, தாய்மொழியின் தடம். தடம் எங்கே என்று தெரிந்தால் திருத்துவது எளிது.

அடிப்படை விதி

பெரும்பாலான பெயர்ச்சொற்களுக்குப் பின்னால் எஸ் சேர்த்தால் போதும். புக் - புக்ஸ், போட் - போட்ஸ், நெற் - நெற்ஸ், ஹவுஸ் - ஹவுசஸ், லெட்டர் - லெட்டர்ஸ்.

சொல்லின் முடிவில் எஸ், எக்ஸ், எஸ்எச், சிஎச் வந்தால் ஈஎஸ் சேர்க்க வேண்டும். பஸ் - பஸஸ், பொக்ஸ் - பொக்ஸஸ், சேர்ச் - சேர்ச்சஸ், விற்னஸ் - விற்னஸஸ், அட்ரஸ் - அட்ரஸஸ். இந்தச் சொற்களை வாசிக்கும்போது கடைசியில் ஓர் அசை கூடுவதைக் காது கேட்கும். அந்தக் கூடுதல் அசை கேட்டால் பன்மையின் கடைசி இரண்டு எழுத்தும் ஈஎஸ் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வை என்ற எழுத்தில் முடியும் சொற்களில், வைக்கு முந்திய எழுத்தைப் பாருங்கள். அது மெய்யெழுத்தானால் வை போய் ஐ வரும், பின்னால் ஈஎஸ் சேரும். பேபி - பேபீஸ், ஃபமிலி - ஃபமிலீஸ், ஸ்ரோரி - ஸ்ரோரீஸ், பார்ட்டி - பார்ட்டீஸ் எல்லாம் இந்த வகை. வைக்கு முன் உயிரெழுத்து வந்தால் வெறும் எஸ் போதும்: போய் - போய்ஸ், டே - டேஸ், கீ - கீஸ்.

ஓவில் முடியும் சொற்கள் இரண்டு வகை. உருளைக்கிழங்கான பொட்டேற்றோ, தக்காளியான ரொமாற்றோ இரண்டுக்கும் ஈஎஸ் வரும். போட்டோ, ரேடியோ, வீடியோ, கிலோ ஆகியவற்றுக்கு எஸ் மட்டும்.

எஃப் அல்லது எஃப்ஈயில் முடியும் பல சொற்களில் எஃப், வியாக மாறி விஈஎஸ் என்று முடியும். வைஃப் - வைவ்ஸ், லைஃப் - லைவ்ஸ், நைஃப் - நைவ்ஸ், லீஃப் - லீவ்ஸ், ஹாஃப் - ஹாவ்ஸ். ஆனால் ரூஃப், சீஃப், புரூஃப் மாறுவதில்லை, எஸ் மட்டுமே எடுக்கும். வீட்டுச் சேத விபரம் எழுதுபவர்கள் கூரைக்கு 'ரூஃப்ஸ்' என்றே எழுத வேண்டும்.

உள்ளே மாறும் சொற்கள்

சில பழைய சொற்கள் எஸ் எடுப்பதில்லை. சொல்லின் உள்ளேயே மாற்றம் நிகழும். மான் (ஆண்) - மென், வுமன் - விமின், ஃபுட் - ஃபீட், ரூத் - ரீத், மவுஸ் - மைஸ். சைல்ட் என்பது சில்ரன் ஆகும், எருதான ஒக்ஸ் என்பது ஒக்ஸன் ஆகும். இவை எண்ணிக்கையில் குறைவு, ஆனால் அன்றாடம் வருபவை. மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

வுமன், விமின் இரண்டையும் எழுதும்போது மாறுவது ஓர் எழுத்து மட்டும்: பின்பகுதியில் உள்ள ஏ, ஈ ஆகிறது. உச்சரிப்பிலோ முன்பகுதியே மாறுகிறது. கணவரை இழந்த பெண்கள் சங்கமாகச் சேர்ந்து எழுதும் மனுக்களில் இந்த ஏயும் ஈயும் அடிக்கடி இடம் மாறுவதைப் பார்க்கிறேன். ஏ இருந்தால் ஒரு பெண், ஈ இருந்தால் பல பெண்கள்.

'சில்ரன்' என்பதே பன்மை. அதன் பின்னால் இன்னோர் எஸ் சேர்க்கக்கூடாது.

மீன் பிடிப்பவர்களுக்கு ஒரு வசதி. ஃபிஷ் என்ற சொல் ஒன்றுக்கும் பலவற்றுக்கும் அப்படியே நிற்கும். செம்மறியான ஷீப், மானான டியர் என்பவையும் அப்படியே. கற்றில் என்ற சொல் மாடுகளை மொத்தமாகக் குறிக்கும், அது எப்போதும் பன்மை. இடப்பெயர்வில் விட்டுவந்த கறவை மாடுகளை எண்ணிக் காட்ட வேண்டுமென்றால் கௌ - கௌஸ் என்று எழுதுங்கள்.

எண்ண முடியாதவை

ஆங்கிலம் சில பொருட்களை எண்ணவே விடாது. தண்ணீர், அரிசி, மணல் போன்றவை எங்களுக்கும் புரியும். ஆனால் நாங்கள் எண்ணுகிற சிலவற்றையும் அது அப்படித்தான் நடத்துகிறது. இன்ஃபர்மேசன், எவிடன்ஸ், அட்வைஸ், ஃபர்னிச்சர், ஜுவலரி, லக்கேஜ் ஆகிய எதற்கும் எஸ் வராது. சாட்சியம் எத்தனை இருந்தாலும் 'எவிடன்ஸ்' தான். நகை விபரம் கொடுக்கும்போது 'ஜுவலரி' என்று மட்டும் எழுதினால் எத்தனை என்பது தெரியாது. இரண்டு காப்பு, ஒரு சங்கிலி, ஒரு தாலிக்கொடி என்று தனித்தனியாகப் பெயர் சொல்லி எழுதுவதே பாதுகாப்பு.

டமேஜ் என்பதைக் கவனியுங்கள். எஸ் இல்லாமல் எழுதினால் சேதம். எஸ் போட்டு 'டமேஜஸ்' என்று எழுதினால் சட்டத்தில் அது நீதிமன்றம் கொடுக்கச் சொல்லும் நட்டஈட்டுப் பணம். வீடு சேதமடைந்தது என்று சொல்ல நினைத்து எஸ் போட்டால் பொருள் வேறு பக்கம் போய்விடும். அதேபோல் ஆர்ம் என்றால் கை, ஆர்ம்ஸ் என்றால் கைகள் மட்டுமல்ல, ஆயுதங்களும்தான். எந்தப் பொருள் என்பதை வசனத்தை வைத்தே அறிய வேண்டும்.

எப்போதும் பன்மையாக நிற்பவை

ரிமெய்ன்ஸ் என்ற சொல்லை மன்னாரிலும் கொக்குத்தொடுவாயிலும் செம்மணியிலும் மனிதப் புதைகுழிகள் தோண்டப்பட்ட செய்திகளில் பார்த்திருப்பீர்கள். எச்சங்கள் என்பது பொருள். ஒருவருடைய எச்சமாக இருந்தாலும் அந்தச் சொல் பன்மையாகவே நிற்கும். ஆகவே அந்தச் சொல்லில் எஸ் இருக்கிறது என்பதற்காக அங்கே பலர் என்று முடிவெடுக்க முடியாது. எத்தனை பேர் என்பதை அறிய அருகில் உள்ள எண்ணைத் தேடி வாசியுங்கள். பெரும்பாலும் 'ஸ்கெலற்றன்' என்ற சொல்லோடு எண் வரும். அது ஒருமை, பலவானால் 'ஸ்கெலற்றன்ஸ்'.

பொலிஸ் என்பதும் ஆங்கிலத்தில் பன்மை. எஸ் இல்லாவிட்டாலும் அதற்குப் பின்னால் 'வேர்', 'ஹாவ்' போன்ற பன்மை வினைகளே வரும். ஆர்மி அப்படியல்ல, இலங்கையில் ஒருமையாக எழுதுவதே வழக்கம். நியூஸ் என்பதன் முடிவில் எஸ் இருந்தாலும் அது ஒருமை.

'வன் ஒஃப்' என்ற பொறி

என் வகுப்பில் அதிக நேரம் எடுப்பது இதுதான். 'என் மகன்களில் ஒருவர்' என்று சொல்ல ஆங்கிலத்தில் 'வன் ஒஃப் மை சன்ஸ்' என்று எழுத வேண்டும். ஒருவரைப் பற்றித்தானே பேசுகிறோம் என்று நினைத்து எஸ்ஸை விட்டுவிடுகிறார்கள். ஒருவர் என்பது வன் என்ற சொல்லில் இருக்கிறது. அவர் எந்தக் கூட்டத்தில் ஒருவர் என்பதைச் சொல்வது சன்ஸ். அதனால் வினை ஒருமை, பெயர் பன்மை: 'வன் ஒஃப் மை சன்ஸ் இஸ் மிஸ்ஸிங்'.

ஒரு தாய் கொண்டுவந்த தட்டச்சுக் கடிதத்தில் முழுக்க 'மை சன்' என்றே இருந்தது. கடைசி வரியில் இரண்டு பெயர்கள் காற்புள்ளி இல்லாமல் அடுத்தடுத்து நின்றன. தமிழ் தெரியாத ஒருவர் வாசித்தால் அது ஒரே ஆளின் நீளமான பெயர். கொடுத்தது இரண்டு பிள்ளைகள், கடிதத்தில் இருந்தது ஒரு பிள்ளை. ஓர் எஸ், ஒரு 'அண்ட்', ஒருமை வினைக்குப் பதிலாகப் பன்மை வினை என்று மூன்று இடங்களைத் திருத்தினோம். புதிய கடிதத்தை அவரே உரத்து வாசித்து, சன்ஸ் என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

பெயரில் இருந்தால் வினையில் இல்லை

நிகழ்காலத்தில் எஸ் பெரும்பாலும் இரண்டில் ஓரிடத்தில்தான் நிற்கும். 'த மதர் வெயிற்ஸ்' என்றால் ஒரு தாய் காத்திருக்கிறார், எஸ் வினையில் இருக்கிறது. 'த மதர்ஸ் வெயிற்' என்றால் தாய்மார் காத்திருக்கிறார்கள், எஸ் பெயருக்கு மாறிவிட்டது. சில்ரன், விமின் போல எஸ் இல்லாத பன்மைகளுக்கும் வினையில் எஸ் வராது. இறந்தகாலத்தில் 'வோஸ்' ஒருமைக்கு, 'வேர்' பன்மைக்கு.

குடும்ப விபரமும் வயதும் காணியும்

மருமகன் என்பதற்கான சன்-இன்-லோ பன்மையாகும்போது எஸ் நடுவில் வரும்: சன்ஸ்-இன்-லோ. மருமகள்களும் அப்படியே.

வயதை 'செவன்ரீன் இயர்ஸ் ஓல்ட்' என்று எழுதினால் எஸ் வரும். 'பதினேழு வயதுப் பிள்ளை' என்று பெயருக்கு முன்னால் அடைமொழியாக வைத்தால் எஸ் போய்விடும்: 'எ செவன்ரீன்-இயர்-ஓல்ட் போய்'. ஏக்கருக்கும் இதே விதி. காணியின் அளவைத் தனியே சொன்னால் ரூ ஏக்கர்ஸ். லாண்ட் என்ற சொல்லுக்கு முன்னால் அடைமொழியாக வைத்தால் ரூ-ஏக்கர். 16 பரப்பு ஓர் ஏக்கர். ஆகவே 24 பரப்பு ஒன்றரை ஏக்கர். ஒன்றைத் தாண்டிவிட்டதால் அதுவும் ஏக்கர்ஸ் தான். இரண்டு துண்டுக் காணி விடுவிக்கப்பட வேண்டுமானால் 'ரூ புளொட்ஸ் ஒஃப் லாண்ட்' என்று எழுதுங்கள்.

பேர்சன், பீப்பிள், பீப்பிள்ஸ்

ஓர் ஆள் பேர்சன். பலரானால் பேச்சில் பீப்பிள், சட்ட எழுத்தில் பேர்சன்ஸ். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் ஆங்கிலப் பெயரிலும், 2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட வலிந்து காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான சமவாயத்தின் பெயரிலும் பேர்சன்ஸ் என்றே இருக்கிறது. ஒவ்வொருவரையும் தனித்தனி ஆளாக எண்ணும் சொல் அது.

பீப்பிள் என்பதற்கு இன்னொரு பொருள் உண்டு: ஒரு மக்களினம். அந்தப் பொருளில் அது ஒருமை, பலவானால் எஸ் சேர்ந்து பீப்பிள்ஸ் ஆகும். 1966ஆம் ஆண்டின் குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் முதலாவது உறுப்புரை, சுயநிர்ணய உரிமையை பீப்பிள்ஸ் எல்லோருக்கும் உரியதாகச் சொல்கிறது. இலங்கை 1980இல் அந்த உடன்படிக்கையில் இணைந்தது. எஸ்ஸை நீக்கி வாசித்தால் ஒரு நாட்டில் வாழும் ஆட்கள் என்று மட்டும் பொருள் கொள்ள இடமுண்டு. எஸ்ஸோடு வாசித்தால் ஒன்றுக்கு மேற்பட்ட மக்களினங்கள். எங்கள் அரசியலில் பல தசாப்தங்களாக நடக்கும் வாதத்தின் ஒரு பகுதி இந்த வேறுபாட்டிலும் தங்கியிருக்கிறது.

கையெழுத்து வைக்கும் முன்

ஆங்கிலக் கடிதம் எதுவானாலும் ஐந்து இடங்களைப் பாருங்கள்.

1. எண் வந்த இடமெல்லாம், பக்கத்துப் பெயர் பன்மையா?
2. சன், டோற்றர், சைல்ட், பிரதர் ஆகியவற்றின் எண்ணிக்கை உங்கள் வீட்டுக் கணக்கோடு சரியா?
3. ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தால் நடுவில் 'அண்ட்' அல்லது காற்புள்ளி இருக்கிறதா?
4. 'வன் ஒஃப்' வந்தால் பின்னால் வரும் பெயரில் எஸ் இருக்கிறதா?
5. வோஸ், வேர் இரண்டும் சரியான ஆட்களோடு நிற்கின்றனவா?

இதற்கு முழு ஆங்கிலமும் தெரிய வேண்டியதில்லை. ஒரு பென்சிலும் பத்து நிமிடமும் போதும். சந்தேகமான இடத்தைச் சுற்றி வட்டம் போட்டு, எழுதித் தந்தவரிடமே திருப்பிக் கொடுத்துக் கேளுங்கள். கடிதம் உங்கள் பெயரில் போகிறது, கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.