நண்பகலில் வரும் சோதனை
சோம்பலைக் குறித்துத் திருச்சபை கற்றதும் மறந்ததும்

சோம்பலைக் குறித்துப் பிரசங்கிக்கும்போது, நீதிமொழிகள் 6-ஆம் அதிகாரத்து எறும்பினிடம் சபையாரை அனுப்பிவிட்டு நாம் திருப்தியுடன் வீடு திரும்புகிறோம். ஓயாது உழைக்கிறவன் இப்பாவத்திற்குத் தப்பினவன் என்பது நம்மிடையே நிலவும் எண்ணம். ஆனால் திருச்சபை ஆதியில் இப்பாவத்தை அறிந்திருந்த விதம் வேறு. அவ்வறிவு எவ்வாறு பிறந்தது, எவ்வாறு குறுகிற்று என்பதை ஆராய்வது திருப்பணியாளராகிய நமக்கு மிகவும் அவசியம்.

1. பாலைநிலத்துச் சாட்சி

எவாக்ரியுஸ் ஏறத்தாழ கி.பி. 345இல் பொந்து நாட்டில் பிறந்தவர். மகா பேசிலால் வாசகராகவும், நாசியான்சு கிரெகோரியால் உதவிக்குருவாகவும் ஏற்படுத்தப்பட்டவர். கான்ஸ்டாண்டிநோபிளில் பேர்பெற்று விளங்கிய காலத்தில், மணமான ஒரு பெண்மீது தமக்குண்டான பற்றுக்கு அஞ்சி, அந்நகரை விட்டு எருசலேமுக்கு ஓடினார். பின்பு எகிப்துக்குச் சென்று, நித்ரியாவிலும் கெல்லியாவிலும் துறவியாய் வாழ்ந்து, 399இல் மரித்தார்.

துறவியைத் தாக்கும் தீய நினைவுகள் எட்டு என அவர் வகுத்தார். அவற்றுள் மிகப் பாரமானது 'அக்கேதியா' என்றார். அக்கறையின்மை என்பது இக்கிரேக்கச் சொல்லின் நேர்பொருள். 91-ஆம் சங்கீதம் 6-ஆம் வசனத்தில் நம் வேதாகமம் 'சங்காரம்' என்று கூறுமிடத்தில், பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு 'நண்பகல் பிசாசு' என்று வாசிக்கிறது. அப்பெயரையே எவாக்ரியுஸ் இச்சோதனைக்கு இட்டார்.

காலை பத்து மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை இது துறவியை முற்றுகையிடும் என்கிறார். சூரியன் நகராததுபோலவும், பகல் ஐம்பது மணி நேரம் நீண்டதுபோலவும் அவனுக்குத் தோன்றுகிறது. உணவு வேளை நெருங்கிற்றோ என்று அடிக்கடி வெளியே பார்க்கிறான். தன் அறையையும் கைவேலையையும் வெறுக்கிறான். சகோதரரிடத்தில் அன்பு அற்றுப்போயிற்று, தன்னைத் தேற்றுவார் ஒருவருமில்லை என்று எண்ணுகிறான். வேறோர் இடத்திற்குச் சென்றால் பிழைப்பு எளிதாகும், கர்த்தரைத் தொழுவதற்கு இடம் ஒரு பொருட்டன்று என்று தனக்கே போதித்துக்கொள்கிறான். இங்கே வேலை செய்யாதவன் ஒருவனையும் நாம் காண்கிறதில்லை. தேவன் தன்னை வைத்த இடத்தை நேசிக்க இயலாதவனையே காண்கிறோம்.

எவாக்ரியுஸின் போதனையை மேற்றிசைக்குக் கொண்டுசென்றவர் யோவான் காசியன். கி.பி. 415 அளவில் மார்செய் நகரில் குடியேறிய இவர், தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய அறிவுரைகளைக் கொண்டு, கைத்தொழிலே இந்நோய்க்கு மருந்தென விளக்கினார். பவுல் என்னும் துறவியைப் பற்றிய ஒரு வரலாற்றையும் எழுதிவைத்தார். சந்தைக்கு ஏழு நாள் பயணத் தொலைவில் வாழ்ந்த அவர், விற்க வழியில்லாதிருந்தும் தினமும் ஈச்ச ஓலைகளைக் கொண்டு வேலை செய்து, குகை நிறைந்தபின் ஆண்டுதோறும் அவற்றை எரித்துவிடுவாராம். எனினும் காசியனின் மற்றோர் எச்சரிப்பு அதிகக் கூர்மையானது. இச்சோதனைக்குட்பட்டவன் நோயாளிகளைச் சந்திப்பது போன்ற நற்கிரியைகளையே தன் அறையை விட்டோடச் சாக்காகக் கொள்வான் என்றார் அவர்.

2. பொருள் குறுகிய வரலாறு

ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் ஒழுங்குநூலின் 48-ஆம் அதிகாரத்தில், சும்மாயிருத்தலை ஆத்துமாவின் சத்துருவென்று கூறி, உழைப்புக்கும் வாசிப்புக்கும் வேளைகளைக் குறித்தார். அதே நூற்றாண்டின் இறுதியில் மகா கிரெகோரி பாவங்களை ஏழாக வகுத்தபோது, அக்கேதியாவைத் துயரத்தோடு இணைத்துவிட்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், தெய்வீக நன்மையைக் குறித்தே மனம் துயரப்படுவது அக்கேதியா என்று வரையறுத்தார். இது ஓய்வுநாள் கட்டளைக்கு விரோதமானது என்றும் அவர் கூறியது நம் கருத்தில் ஆழப்பதிய வேண்டியது. சோம்பல் அதிக ஓய்வு எனவே நாம் நினைக்கிறோம். அவரோ, தேவனில் இளைப்பாற மாட்டாமையே சோம்பல் என்கிறார்.

இந்த ஆழம் நிலைக்கவில்லை. ஒவ்வொருவரும் ஆண்டுக்கொருமுறை பாவ அறிக்கை செய்யவேண்டுமென்று 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தபின், பொதுமக்களுக்கான பாவ அறிக்கை நூல்கள் பெருகின. அவற்றில் இப்பாவம் ஆராதனைக்குத் தாமதித்தல், கடமைகளில் அசட்டை எனப் புறச்செயல்களாகச் சுருங்கிற்று. காலப்போக்கில் வெறும் வேலைசெய்யாமையே இதன் பொருளாயிற்று. இதன் விளைவு சிறிதன்று. சோம்பேறி என்ற சொல் ஏழைக் கூலியாள்மேல் எறியப்படும் கல்லாயிற்று. அலுவல் மிகுந்தவனோ தன்னை நீதிமானாக எண்ணிக்கொண்டான்.

3. சீர்திருத்தச் சபைகளுக்கு ஓர் எச்சரிப்பு

இவை துறவிகளின் காரியங்கள், நமக்கென்ன என்று எவரும் கூறலாகாது. 1530இல் தம் பெரிய ஞானோபதேசத்திற்கு எழுதிய முன்னுரையில் மார்ட்டின் லூத்தர் சோம்பலுள்ள போதகர்களைக் கடுமையாய்க் கடிந்துகொண்டார். நியமவேளை ஜெபங்களின் பாரத்தினின்று விடுதலைபெற்ற அவர்கள், அந்நேரத்தில் காலை, நண்பகல், மாலை வேதத்தையோ ஞானோபதேசத்தையோ ஓரிரு பக்கமாவது வாசிக்கலாகாதா என்று கேட்டார். தாம் பண்டிதராயிருந்தும் ஒரு சிறுபிள்ளையைப்போல நாள்தோறும் ஞானோபதேசத்தைச் சொல்லிவருவதாக அறிக்கையிட்டார். சுவிசேஷம் தந்த சுயாதீனத்தை முதலாவது வீணாக்கக்கூடியவர்கள் போதகர்களே என்பதை அவர் கண்டிருந்தார்.

4. நம் நண்பகல்

இவ்வரலாறு நம்மை எங்கே நிறுத்துகிறது? மனச்சோர்வு என்னும் நோயை இப்பாவத்தோடு குழப்பலாகாது. நோயுற்றவனுக்கு மருத்துவரும் சகோதரரின் ஆதரவும் தேவை. ஆனால் ஜெப அறை கசந்து, குழுக்கூட்டங்கள் இனிக்கும்போதும், பிரசங்க ஆயத்தத்தைவிடப் பிரயாணம் எளிதாகும்போதும், நம் நாட்குறிப்பு நிறைந்திருக்க நம் உள்ளம் வெறுமையாயிருக்கும்போதும், பழைய பெயரால் நாம் நம்மைச் சோதித்தறிதல் நன்று. திருப்பணியின் நடுவயதில் இக்கட்டுரையாளனும், தன் சபையாரிடத்தில் அன்பில்லை என்று துணிந்து இடமாற்றம் கேட்டதுண்டு. எவாக்ரியுஸை வாசித்த பின்னரே, அன்பு குறைந்தது யாரிடத்தில் என்பது விளங்கிற்று.

எவாக்ரியுஸ் கூறும் மருந்து எளிது: அறையை விட்டு ஓடாதே; 42-ஆம் சங்கீதக்காரனைப்போல் உன் ஆத்துமாவோடு நீயே பேசு; கண்ணீரோடு ஜெபி; பொறுத்து நில். இப்போராட்டத்தின் முடிவில் சொல்லொண்ணா மகிழ்ச்சியும் சமாதானமும் ஆத்துமாவில் உண்டாகும் என்று அவர் சாட்சி கூறுகிறார். ஒரு பட்டணத்தை விட்டு ஓடிவந்து, ஒரு சிறு அறையில் நிலைத்திருக்கக் கற்றுக்கொண்ட மனிதரின் சாட்சி அது.