தண்ணீர்க் கணக்கு

ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர். இரண்டு பெண்கள், ஏழு நாள்: 140 லிட்டர். ஒரே தொட்டியில் ஊற்றக் கூடாது. ஒன்று ஓட்டையானாலும் மற்றது மிஞ்சும்படி கேன்களில் பிரித்து வைக்க வேண்டும். தெற்கு ஆஸ்திரேலியாவின் கூபர் பீடியிலிருந்து மேற்கே லாவர்ட்டன் வரை பாலைவனத்தின் குறுக்கே ஓடும் ஆன் பீடெல் நெடுஞ்சாலையில் போக நானும் தோழியும் ஆயத்தமானபோது போட்ட முதல் கணக்கு இது. நீளம் 1,300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பெயரில்தான் நெடுஞ்சாலை, நேரில் அது மணலில் இரண்டு சக்கரத் தடங்கள், நடுவே ஸ்பினிஃபெக்ஸ் என்ற முள்போன்ற புல். அந்தப் புல்லின் விதை ரேடியேட்டரை அடைத்துவிடும், காய்ந்த தாள் புகைக்குழாயில் சிக்கினால் வண்டியே எரியும். ஆகவே முன்னால் கட்ட வலை, அடியில் சுரண்டக் கம்பி, இரண்டு உபரி டயர், காற்றடிக்கும் கருவி, நீளப் பிடி மண்வெட்டி, சாட்டிலைட் போன். வீட்டு வாசலிலேயே பலமுறை சக்கரம் கழற்றி மாட்டிப் பழகினோம். முதல் தடவை ஒன்றரை மணி நேரம் ஆனது. அண்டை வீட்டார் வேடிக்கை பார்த்தார்கள்.

பட்டியலின் கடைசி வரி, அனுமதிச் சீட்டுகள். சலிப்பான வேலை என்று தள்ளிப்போட்டிருந்தேன். அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

சாலைக்குப் பெயர் தந்த ஆன், அதை அமைத்த நில அளவையாளர் லென் பீடெலின் மனைவி. 1953 முதல் 1962 வரை துண்டு துண்டாகப் போட்ட பாதை இது. மகள் கானி சூவின் பெயரில் இன்னொரு பாதை இருக்கிறது; கைக்குழந்தையாக அவளைத் தூக்கிக்கொண்டு ஆனும் அந்தப் பாலைவனத்துக்குப் போனார். மனைவி பெயரைச் சாலைக்கு வைத்தது அன்புதான், அதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் சாலை ஏன் வந்தது? அணுகுண்டு வெடிக்க. பிரிட்டன் 1953 அக்டோபர் 15, 27 தேதிகளில் ஈமு ஃபீல்டில் இரண்டு குண்டுகளை வெடித்தது. அந்த இடத்துக்குப் பொருள்கள் கொண்டுசேர்க்கத்தான் சாலையின் முதல் துண்டு. அதில் முதல் குண்டை, காற்றின் போக்கு ஏற்றதல்லாதபோது வெடித்தார்கள் என்று 1985இல் அரச விசாரணை ஆணையம் சொன்னது. அப்போது அந்தப் பெருவெளி முழுவதிலும் நடமாடிய மக்களை எச்சரிக்க இருந்தவர் அநேகமாக ஒரே ஒருவர், வால்டர் மெக்டூகல் என்ற ரோந்து அதிகாரி.

‘ஆளில்லா வெளி’ என்று பயணக் கையேடுகள் எழுதும் இடம் இது. 1957 மே மாதம், ஈமுவுக்குத் தெற்கே மரலிங்காவில், முந்தைய ஆண்டு வெடித்த குண்டு தோண்டிய மார்கூ பள்ளத்தின் அருகே ஒரு குடும்பம் தங்கியிருந்ததைச் சிப்பாய்கள் கண்டார்கள். ஈடி மில்புட்டி, கணவர் சார்லி, இரண்டு குழந்தைகள், நாய்கள். காலங்காலமாக மனிதர்கள் நடந்த வழியில் ஊல்டியாவின் ஊற்றை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். அங்கிருந்த மிஷன் 1952இலேயே மூடப்பட்டது அவர்களுக்குத் தெரியாது. எச்சரிக்கைப் பலகைகள் ஆங்கிலத்தில். ஈடியின் வயிற்றில் குழந்தை. அவர்களைக் குளிப்பாட்டி, கருவியால் சோதித்து, நாய்களைச் சுட்டுவிட்டு, யலாட்டாவுக்கு அனுப்பினார்கள். ஈடியின் குழந்தை இறந்தே பிறந்தது. நடந்ததைப் பேசக் கூடாதென்று சிப்பாய்களுக்கு உத்தரவு.

என் 140 லிட்டர் அன்றிரவு எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. ஈடி கேன் சுமக்கவில்லை. எந்தப் பாறைக்குழியில் எந்தப் பருவத்தில் நீர் நிற்கும் என்பது அவர்கள் தலைமுறைகளாக அறிந்தது. ஆட்களை அகற்றிய பிறகுதான் அந்த நிலம் ‘தொலைதூரம்’ ஆனது. பிறகுதான் என்னைப் போன்றவள் அதைக் கடக்க இவ்வளவு சாமான் கட்ட வேண்டியிருக்கிறது.

அதே நிலத்தின் பெண்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கூபர் பீடியின் மூத்த பழங்குடிப் பெண்கள் 1995இல் ‘கூப்பா பீட்டி குங்கா ஜூட்டா’ என்று கூடினார்கள். குங்கா என்றால் பெண். அணுக்கழிவுக் கிடங்கை அவர்கள் நிலத்தில் அமைக்கப்போவதாக 1998இல் மத்திய அரசு அறிவித்தது. ‘இராட்டி வாண்டி’, நஞ்சு அது, அதை விட்டுவிடு என்று எதிர்த்தார்கள். வெடிப்புகளின் நினைவைச் சுமந்த கிழவிகள் கடிதம் எழுதவைத்தார்கள், நகரங்களுக்குப் போய்ப் பேசினார்கள். ஐலீன் வானி விங்ஃபீல்டு, ஐலீன் கம்பகூட்டா பிரவுன் இருவருக்கும் 2003இல் கோல்ட்மன் விருது கிடைத்தது. 2004இல் அரசு திட்டத்தைக் கைவிட்டது. எந்தச் சாலைக்கும் இவர்கள் பெயர் இருப்பதாக என் வரைபடத்தில் காணவில்லை.

போகலாமா என்று தோழி கேட்டாள். இரண்டு நாள் விவாதித்தோம். அனுமதி கேட்பதே ஒரு மாற்றம்தான் என்றேன் நான். 1984இல் சட்டப்படி மரலிங்கா ஜாருஜா மக்களிடம் நிலம் திரும்பியதால்தான் இன்று அவர்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது. 1953இல் யாரும் கேட்கவில்லை. அவள் முழுதாக ஒப்பவில்லை. அனுமதி வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றாள். அதற்கு என்னிடம் பதிலில்லை.

படிவத்தில் ‘பயணத்தின் நோக்கம்’ என்றொரு கட்டம். ‘சுற்றுலா’ என்று எழுதியிருந்ததை அடித்தேன். வேறு சொல் அகப்படாமல் மறுபடி அதையே எழுதினேன். அனுப்பிவிட்டு ரேடியேட்டர் வலை வாங்கக் கிளம்பினோம்.