மெரினா கடற்கரை: அழகுபடுத்தலும் மீனவர் உரிமையும்

சென்னை மெரினா கடற்கரையின் மணல்வெளி யாருக்குரியது என்பதில் அரசுக்கும் மீனவர்க்கும் நெடுங்காலமாகப் பூசல் உண்டு. 1884 இல் ஆளுநர் கிராண்ட் டஃப் இங்கு உலாச்சாலை அமைத்து மெரினா எனப் பெயரிட்டார். மயிலாப்பூர்க் கரையில் அதற்கு முன்பிருந்தே மீனவர் வாழ்ந்துவந்தனர்.

மீனவர்க்கு மணல்வெளி தொழிற்களம். கட்டுமரம் ஏற்றுவது, வலை உலர்த்திப் பழுதுபார்ப்பது, மீன் ஏலம் விடுவது எல்லாம் அங்கேதான். கடியப்பட்டணம் முதலிய குமரி மாவட்டக் கடலோர ஊர்களிலும் இதே வழக்கம். உலாவ வருவோர் கண்ணுக்கோ அதே கட்டுமரம் இடையூறு.

1985 இல் எம்.ஜி.ஆர். அரசு கடற்கரையை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முற்பட்டது. மீனவர் எதிர்த்தனர். டிசம்பர் 4 அன்று காவல்துறை சுட்டதில் ஐவர் இறந்தனர். பூங்கா போன்ற ஒரு திட்டத்துக்கு இது மிகப் பெரிய விலை.

2011 ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவரின் பொதுச் சொத்துகளையும் மீன் உலர்த்தும் இடங்களையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றது. வரைபடம் இல்லாத இடத்தில் பொதுப் பயன்பாட்டு உரிமையை நிறுவுவது கடினம் என்பதால் இவ்விதி முக்கியமானது.

2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் லூப் சாலையோர மீன் கடைகள் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. மீனவர் சாலை மறியல் செய்தனர். கடைகளால் போக்குவரத்து தடைபடுகிறது என்பது ஒரு தரப்பு. சாலையே தங்கள் மீன்பிடிக் கரையில் போடப்பட்டது என்பது மறுதரப்பு. 2024 ஆகஸ்டில் 300க்கும் மேற்பட்ட கடைகளுடன் அங்கு நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. விற்பனைக்கு அது இடம் தந்தது. படகும் வலையும் இன்னும் மணலையே நம்பியுள்ளன.