தீட்டிய குவிமாடமும் மெய்யான குழியும்

உரோமை நகரின் புனித இஞ்ஞாசியார் ஆலயத்தில் பீடத்தை நோக்கி நடப்பவர், தலைக்குமேல் உயர்ந்ததொரு குவிமாடத்தைக் காண்கிறார். உண்மையில் அங்குக் குவிமாடம் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் எழுந்த அவ்வாலயத்தில் அது கட்டப்படாமலே நின்றது. அது அமையவேண்டிய வட்டத்தை, இயேசு சபைச் சகோதரரும் ஓவியருமான ஆந்த்ரேயா போட்சோ 1685இல் தட்டையான துணி ஓவியம் ஒன்றால் மூடினார். தரையில் பதித்த குறியின்மீது நின்றால் ஓவியம் மாடமாக எழும்; குறியைக் கடந்து சென்றால் மாடம் கோணிச் சரியும்.

ஓவியத்தின் தூண்கள் சுவரிலிருந்து நீளும் தாங்கிகளின்மீது நிற்பதாகத் தீட்டப்பட்டிருந்தன. மெய்யான கட்டடத்தில் எவரும் அவ்வாறு அமைப்பதில்லை எனச் சில கட்டடக் கலைஞர்கள் குறைகூறினர். பாரம் தாங்காமல் அவை இடிந்தால் தன் செலவிலேயே செப்பனிட்டுத் தருவதாக நண்பரான ஓவியர் ஒருவர் விடையளித்தார் என்று போட்சோவே தம் நூலில் பதிவுசெய்கிறார். தீட்டிய தூண் எவர்மீதும் விழாது என்பதே அந்நகைச்சுவையின் அடிப்படை.

20ஆம் நூற்றாண்டின் நிறுவல் கலையில் இவ்வுறுதி தளர்ந்தது. மும்பையில் பிறந்த அனிஷ் கபூர், 1992இல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்த டாக்குமெண்டா கண்காட்சிக்காகக் கனசதுர வடிவ அறை ஒன்றை அமைத்தார். அதன் தரையில் வட்டக் குழி. குழியின் உட்புறம் முழுவதும் கரிய நிறமிப் பூச்சு. ஒளியும் நிழலும் படிப்படியாக மாறுவதைக் கொண்டே கண் ஆழத்தை அறிகிறது. நிறமி ஒளியை விழுங்கிவிடுவதால் அம்மாற்றம் மறைந்து, குழி தரையில் தீட்டிய கருவட்டமாகத் தோன்றுகிறது. போட்சோவிடம் தளம் ஆழமாகிறது; கபூரிடம் ஆழம் தளமாகிறது. இம்மயக்கத்திற்குக் குறித்த ஓரிடம் தேவையில்லை. பார்வையாளர் விரும்பியவாறு நடக்கலாம். இடரும் அதிலேயே உள்ளது.

2018 ஆகஸ்டில் போர்ச்சுகலின் போர்த்தோ நகரிலுள்ள செரால்வெஸ் அருங்காட்சியகத்தில் இப்படைப்பு வைக்கப்பட்டிருந்தபோது, பார்வையாளர் ஒருவர் ஏறத்தாழ 2.5 மீட்டர் ஆழமுள்ள அக்குழியில் விழுந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். எச்சரிக்கைப் பலகையும் இருந்தது, காவலரும் இருந்தார். ஆயினும், குழி என்று அறிவித்தபின் கண்ணின் ஐயம் குறைந்துவிடும். அறிவிக்காவிடின் உடலுக்குக் கேடு. உரோமையின் குறி எங்கு நிற்கவேண்டும் எனச் சொன்னது. போர்த்தோவின் பலகை எங்கு நிற்கலாகாது எனச் சொல்லவேண்டியிருந்தது.

கண்மயக்கக் கலையின் வரலாறு பெரும்பாலும் நுட்பத்தின் வரலாறாகவே எழுதப்படுகிறது. பார்வையாளரின் உடலுக்கு எவர் பொறுப்பு என்ற வினாவும் அதன் பகுதியே. 2014இல் கொச்சி முசிறிஸ் பினாலேயின்போது ஆஸ்பின்வால் மாளிகையின் தரையில் கபூர் அமைத்த, அடி புலப்படாத நீர்ச்சுழலும் இவ்வினாவை இந்திய மண்ணில் எழுப்பியது. இத்தகைய படைப்புகளை ஆவணப்படுத்துவோர் ஒளிப்படங்களோடு நின்றுவிடலாகாது. தரைக்குறி, தடுப்பு, எச்சரிக்கை வாசகம், காவலருக்கு அளித்த அறிவுரை ஆகியவற்றையும் படைப்பின் பகுதியாகக் கருதிப் பாதுகாத்தல் வேண்டும். அவையின்றி, பார்வையாளர் அங்கு எதைக் கண்டார், எதை நம்பி அடியெடுத்து வைத்தார் என்பதைப் பிற்கால ஆய்வாளர் அறிய இயலாது.